களைப்பைப் படமெடுக்கும் கேமரா

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகம்தானே. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள்.

அப்பாவுக்கு வலது கண்ணில் நடுப்பகுதி முழுக்க மங்கிவிட்டது, இடதும் அதே வழியில் போகிறது. ஆனாலும் பெயின்ட் கடை வேலையை விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எந்த நிறத்துக்கு எது எத்தனை சொட்டு என்பது அவர் கைக்கே தெரியும், கலந்ததை மாதிரி அட்டையோடு வைத்துப் பார்த்துச் சரி சொல்வது என் வேலை. அவரைக் கைப்பிடித்து பஸ்ஸில் ஏற்றி இறக்கி, மாலை வரை அந்த நெடியில் நின்று, திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தால் இடுப்பு கழன்றுவிடுகிறது. போன மாதம் ஒருவர் டின்னோடு வந்து நின்றார், பாதிச் சுவரில் அடித்த சாம்பல் நிறம் மீதிச் சுவரோடு ஒட்டவில்லை, நீலம் அடிக்கிறது என்று ஒரே சத்தம். அப்பா "என் கையும் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர்தான், அதற்குப் பிறகு கடைப் பக்கமே போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு இழுத்தாலும் வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

இந்த வாரம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள், புதுசாக ஒரு கேமரா வைத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஊசி இல்லை, கையில் மருந்து ஏற்றுவது இல்லை, தாடையை வைத்து ஒரு நீல வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். விழித்திரையில் இருக்கிற உயிரணுக்கள் பிராணவாயுவோடு மல்லுக்கட்டித் துருப்பிடித்த மாதிரி நொந்துபோயிருந்தால் அந்த வெளிச்சத்தில் பச்சையாக மினுங்குமாம், பார்வை கெடுவதற்கு முன்பே தெரிந்துவிடுமாம். களைப்பைப் படமெடுக்கிற கேமரா என்று சொல்லுங்கள், என்னைத் தலை முதல் கால் வரை எடுத்தால் பிலிம் பத்தாது என்றேன், படமெடுக்கிற பெண் சிரித்துவிட்டாள். அப்பாவுக்கு எடுத்ததில் வந்தது எதிர்பார்த்ததுதான். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் நோயில்லாத கண் ஒன்று வேண்டும், "நீங்க உட்காருங்கம்மா" என்றாள். அப்பாவை வெளியே பெஞ்சில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை, சின்னு. எத்தனை நாளாக இருக்கிறதோ, அவருக்கு மருந்து ஊற்றவே நேரம் சரியாக இருந்தது, என்னை எங்கே போய்ப் பார்த்துக்கொண்டேன். டாக்டரம்மா நல்ல மாதிரி, "கண்ணு இன்னும் கெடலை, நொந்துபோயிருக்கு, சர்க்கரையை அடக்கினா காப்பாத்திடலாம்" என்றார். பிறகு நிற அட்டைகளை அடுக்கச் சொன்னார், நீலத்தில்தான் தடுமாறினேன். சர்க்கரைக்காரர்களுக்கு முதலில் அது தடுமாறுவது உண்டாம். அந்தச் சாம்பல் நிறத்தைச் சரி என்று சொன்னவள் நான்தானே.

இரண்டு நாள் அப்பாவிடம் இதை மறைத்து வைத்தேன். சொன்னால் மிச்சமிருந்த கண்ணும் போனது போல் ஆகிவிடுவார், சொல்லாவிட்டால் தன் கையைத் திட்டிக்கொண்டே கிடப்பார். நேற்றுக் காலை டீயைக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "அப்போ என் கை தப்புப் பண்ணலையா?" என்று கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம்தான் மீதி உறைத்தது. தடவிக்கொண்டு வந்து என் முகத்தை இரண்டு கையிலும் பிடித்து, "உனக்கு என்னைத் தெரியுதா, சரியா சொல்லு" என்றார். தெரிகிறது என்றேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன். இன்று கடைக்குப் போயிருக்கிறார், முதலாளியின் மகள் நிறம் பார்த்துச் சொல்கிறாளாம்.

நான் மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். இது என் வழியாக உனக்கும் வரலாம், அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைக்குமா, உனக்குச் சிரமமா என்றெல்லாம் இந்த முறை நான் கேட்கப் போவதில்லை. ஒரு நடை வந்துவிட்டுப் போ. நன்றாகத் தெரியும்போதே உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா