அது மருந்தா அக்கா?

உன் ஜிப் பையைத் திறந்தால் இன்னும் தைல வாசம்தான் முதலில் வருகிறது அக்கா. உன் மகள் என்னிடம் கொடுத்தபடியே வைத்திருக்கிறேன்: சேஃப்டி பின், சீப்பு, பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை. இன்று நம் சேலைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் பார்த்துவிட்டுக் கை நீட்டினாள். "காலு வலி உசுரு போவுதுக்கா. ஒண்ணு குடேன்."

நீயாக இருந்தால் கேட்கும் முன்பே கொடுத்திருப்பாய். ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் தி.நகரில் நாற்காலி இருந்தும் உட்கார முடியாது, சோறு இருந்தும் சாப்பிட முடியாது. வெறும் வயிற்றில் டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, "இத்தப் போட்டாத்தான்டி காலு நம்ம பேச்சைக் கேக்குது" என்று சிரிப்பாய். அப்புறம் வயிறு எரிய ஆரம்பித்தது. அதற்கும் அதே மாத்திரையைத்தான் போட்டாய், பைத்தியக்காரி! வலி என்றால் வலி மாத்திரை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மலம் கறுப்பாகப் போகிறது என்று நீ சொன்னதும் வடபழனியில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். "மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றாய். நானும் தலையாட்டினேன். நாம் பொய் சொல்லவில்லையே அக்கா! டாக்டர் எழுதிக் கொடுப்பதுதானே நமக்கு மருந்து? டீ குடிக்கிற மாதிரி தினமும் போடுவதை யார் மருந்து என்று நினைத்தார்கள்? டெஸ்ட் எடுக்கச் சொன்னார். "ஆடி முடியட்டும்" என்றாய்.

ஆடி முடியவில்லை. கவுண்டரிலேயே ரத்த வாந்தி எடுத்தாய். ஆஸ்பத்திரியில் உன் பையிலிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, "இதாம்மா வயித்தைப் புண்ணாக்கியிருக்கு" என்றார்கள். மறுநாள் நீ இல்லை. எனக்கு இன்றுவரை குழப்பம்தான். அத்தனை வருஷம் உன்னை நிற்க வைத்ததே அதுதானே? நான் யார்மேல் கோபப்படுவது? மாத்திரை மேலா, உட்கார விடாத கடை மேலா, உன் மேலா?

அந்தப் பெண் நீட்டிய கையை மடக்கவில்லை. "சாப்ட்டியா?" என்றேன். "எங்கக்கா சாப்புட வுடுறாங்க?" என்றாள். ஜிப்பை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "குந்து. யாருனா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

உட்கார்ந்தாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ கொடுத்திருந்தால் வலி போயிருக்கும், உன்னைக் கட்டிக்கொண்டிருப்பாள். நான் செய்தது சரியா அக்கா? என் முட்டியும் இப்போது விண்விண் என்று தெறிக்கிறது. பை என் இடுப்பில்தான் இருக்கிறது. அந்த அட்டையைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கடைசியாக அதைக் கிழித்தது உன் கை.