பிரெஞ்சுப் படத்துக் கொடியவனுக்கு என் பெயர் சூட்டியது குறித்து

விடுநர்:
தி. வே. ராமதாஸ், எம்.ஏ.,
தலைமை ஆசிரியர், ராமதாஸ் தட்டெழுத்துப் பயிலகம்,
தேரடி அருகில், திருவொற்றியூர்.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை.

பொருள்: கடல்மணி டூரிங் டாக்கீஸ் – பிரெஞ்சுத் திரைப்படம் – கொடியவனுக்கு மனுதாரரின் பெயர் சூட்டியது – ஆட்சேபித்ததன் பேரில் கொலைகாரனுக்குச் சூட்டியது – இரண்டிலிருந்தும் விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் லைசென்ஸின் கீழ் நடைபெறும் மேற்படி கொட்டகையில் இம்மாதத் தொடக்கம் முதல் ஒரு பிரெஞ்சுப் படம் காட்டப்பட்டு வருகிறது. அதைத் தடைசெய்யுமாறு நான் கேட்கவில்லை. அது கடுமையான, ஆனால் உயர்ந்த படைப்பு. துறைமுக நகரொன்றில், குடையும் மூக்குக் கண்ணாடியுமாகத் திரியும் கப்பல் கம்பெனி மானேஜர் ஒருவன், தன் திருட்டைக் கண்டுவிட்ட இளம் தொழிலாளியைக் கப்பலுக்கும் கரைச்சுவருக்கும் நடுவே தள்ளிக் கொல்கிறான். இறந்தவனின் அண்ணன் பல வருஷம் காத்திருந்து, மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியால் அந்த மானேஜரைக் குத்திக் கொன்று பழிதீர்க்கிறான். அக்காட்சியை விவரிப்பது இம்மனுவின் கௌரவத்துக்கு ஏற்றதன்று. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அதன் கிழிசல் வழியாகப் பார்த்தார்கள் என்பது போதும்.

2. படத்தின் அடியில் ஆங்கில வாசகம் ஓடுகிறது. கொட்டகையில் அதைப் படிக்கக் கூடியவன் நான் ஒருவனே. மற்றவர்களுக்காக, கொட்டகைச் சொந்தக்காரர் பக்ருதீன் சாகிப், காசிமேட்டில் மீன் ஏலம் கூறிவந்த எத்திராஜ் என்பவரைத் திரையருகே நிறுத்தியிருக்கிறார். கதையை அவர் ஒலிபெருக்கியில் விளக்குவார். அந்நியப் பெயர்கள் ஜனங்களுக்குப் பிடிபடாது என்பதால் பாத்திரங்களுக்கு ஊராரின் பெயரை வைப்பது இத்தகைய கொட்டகைகளின் வழக்கம். அதன்படி இறந்துபோகும் இளைஞன், கட்டுமரம் ஓட்டும் செல்வம் ஆனான். அவன் மனைவி, மீன் விற்கும் பவுனம்மாள் ஆனாள். பழிதீர்க்கும் அண்ணன், துறைமுக மேஸ்திரி தாவூது ஆனான். செல்வத்துக்குத் தாவூது எப்படி அண்ணனானான் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. எத்திராஜின் உரையில் எனக்கு ஆட்சேபம் இல்லாத பகுதி அது ஒன்றே. கொடியவனுக்கு அப்போது ‘துரை’ என்று மட்டுமே பெயர்.

3. முதல் நாள் ஆட்டத்துக்கு நான் சென்றிருந்தேன். திரையில் அந்த மனைவி, கணவனை நோக்கி, “நீ திரும்பும்வரை இந்த ஜன்னலை விட்டு அகலமாட்டேன்” என்கிறாள். எத்திராஜ் அதை, “மீன் கொயம்பு ஆறிப்பூடும், சீக்கிரம் வந்துடுன்றா” என்று விளக்கினார். நான் எழுந்து நின்று, சரியான பொருளைச் சபைக்குத் தெரிவித்தேன். தொடர்ந்து பிழைகள் வந்தபடியால் தொடர்ந்து எழுந்தேன். பின்னாலிருந்து, “யோவ், குந்துய்யா. அவரு சொல்றதுதான் ஷோக்கா கீது” என்று ஒரு குரல் வந்தது. இறுதிக் காட்சியில், பழிதீர்த்தவன் வெறுமையான கிடங்கில் தனியே அமர்ந்து, போகாத கறையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான். பழி, வாங்கியவனையும் சேர்த்து விழுங்கிவிட்டது என்பதே படத்தின் சாரம். எத்திராஜ் அதற்கு அளித்த உரை: “வேலை முட்ச்சிட்டான், கை கய்விகினு கீறான். சோறு துன்னணும்ல.” இதையும் நான் திருத்தினேன். என் கடமையை நான் செய்ததாகவே இன்றும் கருதுகிறேன்.

4. மறுநாள் முதல் துரை காணாமற்போனான். எத்திராஜின் அறிவிப்பை, கேட்டவர்கள் சொன்னபடியே தருகிறேன். மொழிக்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். “தோ பாரு, குடை புட்ச்சிகினு வர்றான் பாரு. யாரு? நம்ம டைப்பு வாத்தியாரு ராமதாஸு. அந்தக் கண்ணாடியப் பாரு. இவன் பூந்த வூடு உருப்பட்டதா கீதா?” நானும் குடை வைத்திருக்கிறேன், கண்ணாடி அணிகிறேன். இவை குற்றமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை. எனினும் ராமதாஸ் கொக்கியில் மாட்டும் தறுவாயில் கொட்டகையே எழுந்து கைதட்டியது என்றும், “இன்னொரு தபா போடு” என்று கேட்டது என்றும் அறிகிறேன்.

5. இதன் விளைவு வேடிக்கையன்று. என் பயிலகத்தில் பெண்களும் தட்டெழுத்துப் பயில்கிறார்கள். அவர்களில் தோல் வியாபாரி சௌக்கத் அலி சாகிப்பின் மகள் அஜீசா, அடுத்த மாத அரசாங்கப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறக் கூடியவள். இத்தனை வருஷத்தில் அவளைப் போல் விசைகளைப் பாராமல் அடிக்கும் மாணவி எனக்கு வாய்த்ததில்லை. அவள் குடும்பத்தில் உத்தியோகத்துக்கு மனுச் செய்யப் போகும் முதல் பெண்ணும் அவளே. அவளுடைய தந்தை என்னிடம் நேரில் வந்து, மிகுந்த மரியாதையுடன், “வாத்தியார் சாகிப், உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா எங்க வூட்டுப் பொம்பளைங்க எல்லாரும் படம் பாத்துட்டாங்க. நான் இன்னா பண்றது?” என்று கூறி, அவளை நிறுத்திவிட்டார். மற்றப் பெண்களின் வீட்டார் அந்த மரியாதையும் இன்றி நிறுத்தினர்.

6. நான் பக்ருதீன் சாகிப்பிடம் முறையிட்டேன். அவர் நல்லவர். “பேஜாரு வேணாம் வாத்தியாரே, இன்னிக்கே மாத்திடச் சொல்றேன்” என்றார். சொன்னபடியே அன்று மாலை மாற்றினார்கள். கொடியவன் பெயரற்றவன் ஆனான். கொக்கியால் குத்திக் கொல்லும் அண்ணனுக்கு என் பெயர் வைக்கப்பட்டது. இதை ஒரு மரியாதையாகவே செய்ததாக எத்திராஜ் சொல்லிக்கொள்கிறார்.

7. அதற்கு அடுத்த காலையில் பவுனம்மாள் மீன்கூடையைப் பயிலகத்தின் வாசற்படியில் இறக்கி வைத்துச் சொன்னது: “அண்ணாத்தே, ஐஸ் வண்டிக்காரன் ஒர்த்தன் எங்க வூட்டாண்ட வந்து வம்பு பண்ணிகினு கீறான். நீ ஒரு தபா வந்து நின்னா போதும். கொக்கிகூட வேணாம்.” பிறகு செல்வம் ஒரு வஞ்சிர மீனுடன் வந்தார். “எனக்காவ எம்மாம் வருஷம் காத்துகினு இருந்து அவனப் போட்ட, நைனா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அவர் உயிரோடு இருப்பதை நான் நினைவூட்ட வேண்டியதாயிற்று. மீனைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். தாவூது மேஸ்திரியோ, தம் பாத்திரம் பறிபோன வருத்தத்தில் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவருடைய ஆட்கள் பயிலகத்தின் பெஞ்சில் வந்து அமர்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தட்டெழுத்து கற்பதற்கு வந்தீர்களா என்று கேட்டால், “இல்ல நைனா, சும்மா” என்கிறார்கள். ஏட்டு ஒருவர் வந்து, என்னிடம் கொக்கி ஏதேனும் உண்டா என்று சாவகாசமாக விசாரித்துச் சென்றார்.

8. சௌக்கத் அலி சாகிப்பை மறுபடியும் சென்று கண்டேன். “முன்னாடி உங்களப் பாத்துதான் பயந்தாங்க. இப்ப அங்க குந்திகினு இருக்குற ஆளுங்களப் பாத்தும் பயப்படறாங்க” என்றார். படத்திலிருந்து என் பெயர் அடியோடு நீங்கினால் மறுநாளே மகளை அனுப்புவதாக வாக்களித்திருக்கிறார். அஜீசாவின் விரல்கள் ஓய்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் பரீட்சையில் அவளுக்கு நஷ்டம்.

9. ஆகவே என் தன்மானத்தை ஒதுக்கிவிட்டு எத்திராஜை நேரில் சந்தித்தேன். படத்திலுள்ள பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதித் தருவதாகச் சொன்னேன். “அத்தச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் செத்தே பூடுவான் சார்” என்றார். பழைய துரையே இருக்கட்டும் என்றேன். துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டபடியால் இப்போது அப்பெயருக்கு யாரும் நடுங்குவதில்லை என்றார். முடிவில், தாவூதின் பாத்திரத்தைத் தாவூதுக்கே திருப்பிக் கொடுக்க இசைந்தார். ஆனால் பெயரில்லாதவனைக் கொல்வதை ஜனங்கள் ரசிக்கவில்லை என்றும், கொடியவனுக்கு வேறு பெயர் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை முதல் பழையபடி என் பெயரே வரும் என்றும் அறிவித்துவிட்டார்.

ஆகையால், இவ்வூரில் வாழும் எவருடைய பெயரையும் அவருடைய சம்மதமின்றித் திரைப்பட விளக்கத்தில் பயன்படுத்தலாகாது என, கொட்டகை லைசென்ஸின் நிபந்தனைகளோடு சேர்த்துச் சனிக்கிழமைக்குள் உத்தரவிட்டு, அஜீசா பரீட்சை எழுத வழிசெய்ய வேண்டுகிறேன்.

காலதாமதம் நேர்ந்தால் விளையக் கூடியதையும் தெரிவிப்பது ஒரு பிரஜையின் கடமை. எத்திராஜ் என்னை வழியனுப்புகையில், “வந்து சண்டை போடாத பெரிய மன்சன் பேரா இருந்தா தேவலை. நம்ம ஜில்லா கலெக்டர் பேரு இன்னா சார்?” என்று கேட்டார். நான் சொல்லவில்லை. ஆயினும் தங்கள் திருநாமம் தாலுகா ஆபீஸின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் காணப்படுகிறது. எத்திராஜ் எழுத்துக்கூட்டி வாசிக்க வல்லவர். வெள்ளிக்கிழமை அவர் அப்பக்கம் செல்லவிருப்பதாகத் தெரிகிறது.

தங்கள் நன்மையையும் நாடும்,
தி. வே. ராமதாஸ், எம்.ஏ.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 16-2-1954