கூப்பிடு தூரம்

17 செப்டம்பர், புதன்

ஜமுனாமரத்தூர் தாண்டி, விலைக்கு வரும் ஒரு வீட்டை விளம்பர வீடியோ எடுத்தேன். விடியுமுன்பே போளூரிலிருந்து கிளம்பிவிட்டதால், வெயில் ஏறுவதற்குள் வெளிப்புறம் முழுக்க முடிந்தது. ஓட்டு வீடு, இரண்டு அறை, சுற்றி அறுபது சென்ட், மூன்று பலா, ஒரு புளி. விற்கிறவர் பச்சையம்மா அக்கா. மகன்கள் திருப்பத்தூரில் இருக்கிறார்கள், அவரையும் அங்கேயே கூப்பிட்டுக்கொள்கிறார்களாம்.

உள்ளே வழக்கமான வேலைதான். கொடியில் கிடந்த துணி, காலண்டர், மருந்து டப்பா எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளி, அந்த மூலையிலேயே கேமராவோடு நின்றுகொண்டேன். அகல லென்ஸை நெஞ்சு உயரத்தில் பிடித்தால் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் மாதிரி வரும். அக்கா திரையை எட்டிப் பார்த்து, "இது யாரு வூடும்மா?" என்றார். இருவரும் சிரித்தோம்.

ஒரே தொந்தரவு, வழி. வண்டி நிற்கும் ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பள்ளம். இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். இதை எப்படி எடுப்பது? எடுக்கவில்லை. ரோட்டிலிருந்து டிரோனைக் கிளப்பி நேராக வாசலுக்கு விட்டேன். இருபது நொடி. மேலிருந்து பார்த்தால் பள்ளம் பள்ளமாகவே தெரியவில்லை, ஒரே பச்சை.

ரோடு எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு அக்கா, "கூப்பிடு தூரம்தான்" என்றார். பொய்யில்லை. வாசலில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்ததும் எதிர்ப்பக்கம் நான் வந்த வண்டியின் டிரைவர் திரும்பிப் பார்த்தார். மலைக்காரர்கள் தூரத்தைத் தொண்டையால் அளக்கிறார்கள். கால் படுகிற பாடு வேறு.

19 செப்டம்பர், வெள்ளி

எடிட்டிங் முடிந்தது. டிரோன் காட்சியின் மேல் பெரிய எழுத்தில் போட்டேன்: 'சாலையிலிருந்து கூப்பிடு தூரம்'. கேட்கவே நன்றாக இருந்தது.

வழி கொஞ்சமாவது காட்ட வேண்டாமா என்று விஜயராஜ் அண்ணாவிடம் கேட்டேன். மனை வாங்கி விற்கிறவர், இந்த வருஷம் எனக்கு வரும் வேலை முக்கால்வாசி அவருடையது. வாங்குகிறவன் எப்படியும் நேரில் வந்து பார்க்காமல் வாங்க மாட்டான், வீடியோவின் வேலை அவனை வர வைப்பது மட்டும்தான் என்றார். அதுவும் சரிதானே? சரி என்றுதான் இன்றைக்குப் படுகிறது.

6 அக்டோபர், திங்கள்

யூடியூபில் வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நானே ஒன்பது தடவை.

23 அக்டோபர், வியாழன்

வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஆதிநாராயணன் என்று ஒருவர், போளூர் பக்கத்து ஊர்க்காரர். நாற்பது வருஷம் பிலாய் இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ரத்தினம்மாளுக்கு மூச்சிரைப்பு. தூசி இல்லாத ஊருக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என் நம்பரை வாங்கி அவரே பேசினார். சமையலறை ஜன்னலில் விழும் வெயில் அவ்வளவு பிடித்துவிட்டதாம். அந்த வெயிலுக்காக நான் அரை மணி நேரம் காத்துக் கிடந்தேனே! அதைக் கவனித்துச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

5 நவம்பர், புதன்

பத்திரம் முடிந்தது. எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மழையில் பாறை சரிந்ததால் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். ஆதிநாராயணன் தம்பதிக்கு பிலாய் திரும்ப நாளைக்கு ரயில். வீட்டை நேரில் பார்க்காமலே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார்கள். நான் சாவி கொடுப்பதைப் படம் பிடிக்கப் போயிருந்தேன். ரத்தினம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தினமும் சாப்பிடும்போது அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அவர் நகர்ந்ததும் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ போய்ட்டு வந்தவ. ரோட்லேருந்து வூட்டுக்கு இவளால நடக்க முடியுமா?"

"கூப்பிடு தூரம்தாங்க."

பத்திர ஆபீஸ் வாசலிலிருந்து எதிர் டீக்கடை வரைக்கும் கையைக் காட்டி, அவ்வளவுதானா என்று கேட்டார். அந்தக் கையை நான் பார்த்தேன். தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

ஏன்டி ஆட்டின? விஜயராஜ் அண்ணா பக்கத்தில் நின்றதாலா? இல்லை. அந்தம்மா அவ்ளோ ஆசையா சொல்லிட்டுப் போனாங்க, என் வீடியோ பொய்னு என் வாயாலயே சொல்ல மனசு வரல. அவ்ளோதான். வேற ஒரு காரணமும் இல்ல.

6 நவம்பர், வியாழன்

ரயில் கிளம்பும் வரைக்கும் நேரம் இருந்தது. போன் நம்பரும் இருந்தது.

18 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் முடிந்து குடி வந்துவிட்டார்கள். பால் காய்ச்சுவதை எடுக்க என்னையும் வரச் சொன்னார்கள். ஏதாவது ஜீப் பாதை போட்டிருப்பார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு போனேன்.

ரத்தினம்மாள் பள்ளத்தை இறங்கி ஏற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. தலையைக் குனிந்து, அடுத்த கல் எங்கே என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார். பத்து அடிக்கு ஒரு தடவை நின்றார். பெரியவர் பாதியில் நின்று எதிர்ப்பக்கத்து ரோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன்.

கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

3 பிப்ரவரி, செவ்வாய்

ரத்தினம்மாள் அன்றைக்கு ஏறியவர்தான், இன்னும் ரோட்டுக்கு வரவில்லை என்று விஜயராஜ் அண்ணா சொன்னார். காற்று நன்றாக இருக்கிறதாம்.

22 பிப்ரவரி, ஞாயிறு

பச்சையம்மா அக்கா திருப்பத்தூரிலிருந்து போன் செய்தார். முந்தாநாள் ரத்தினம்மாளுக்கு இழுப்பு அதிகமாகி நினைவு தப்பிவிட்டது. அக்காவின் தம்பி மகன்கள் நான்கு பேர் போர்வையைக் கம்பில் கட்டி, அதில் படுக்க வைத்துப் பள்ளம் தாண்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். உயிர் பிழைத்தது. இனி மேடு ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் அக்கா கேட்டார்.

"நா சொன்னது எங்க காலுக்கு. நீ இன்னாத்துக்கு அத ஊருக்கே எழுதிப் போட்ட?"

போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது என்ன? அழுதா அந்தப் பள்ளம் தூர்ந்துடுமா?

12 மார்ச், வியாழன்

வீடியோவை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டேன். கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று விஜயராஜ் அண்ணா கத்தினார். கத்தட்டும்.

29 மார்ச், ஞாயிறு

பெரியவரும் ரத்தினம்மாளும் போளூரிலேயே ஸ்டேஷன் பக்கம் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மலை வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்று தடவை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டு, இன்றைக்குப் போனேன்.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"பள்ளம் இருக்கறது தெரியுங்க எனக்கு. நீங்க கேட்டப்ப தெரிஞ்சேதான் தலையாட்டினேன்."

பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரத்தினம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான். பிறகு, வீடியோவை ஏன் எடுத்துவிட்டாய், இங்கே வந்த பிறகும் தேடித் தேடிப் பார்த்தேனே என்றார். பொய் வீடியோங்க அது என்றேன்.

"ஏறும்போது குனிஞ்சினே ஏறினேன். எறக்கும்போது நெனப்பில்ல. அந்த வழி எப்டி இருக்கும்னு நா பாக்கவே இல்லம்மா. அத எடுத்தாந்து காட்டுறியா?"

5 ஏப்ரல், ஞாயிறு

போய் எடுத்தேன். டிரோன் இல்லை, வெட்டு ஒட்டு இல்லை. ரோட்டில் கேமராவை ஓட விட்டு, வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன். முப்பத்தொரு நிமிடம். ஓடையில் தண்ணீர் இல்லை. ஓடையோரக் கல்லெல்லாம் புங்கம்பூ. என் மூச்சுச் சத்தம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

6 ஏப்ரல், திங்கள்

டிவியில் போட்டுக் காட்டினேன். ரத்தினம்மாள் நாற்காலி நுனிக்கு வந்து பார்த்தார். பெரியவர் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இறக்கம் முடிந்து ஓடை வந்தது. புங்கம்பூவைப் பார்த்ததும், இந்தக் கல்லையா மிதித்துக்கொண்டு போனேன் என்று ரத்தினம்மாள் கேட்டார். ஏற்றம் தொடங்கியது. ஐந்து நிமிடம் போயிருக்கும், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் நிறுத்தும்மா. மூச்சு வாங்குது."

நிறுத்தினேன். பெரியவர் எழுந்து வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், என்னைப் பார்க்கவில்லை. திரையில் பாதி மேட்டில் பாதை அப்படியே நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ போலாம்" என்றார் ரத்தினம்மாள். மறுபடி ஓட விட்டேன்.