வாசலில் ஒரு பிஸ்கட் டின்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் வாசலில் போட்ட கதிரையின் மேல் இருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். யூகலிப்டஸ், கற்பூரம், புதினா, கட்டாரிலிருந்து வந்த அத்தர், எல்லாம் ஒன்றாய்க் கலந்து கண்ணில் நீர் வரவைக்கும் நெடி. எடுத்துப்போக மறந்தவர்களின் போத்தல்கள். உன் முகம்தான் முதலில் வந்தது. டின்னை மூடி, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் மகளைத் தூக்கினேன்.

ஓம், எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். நீ இருந்திருந்தால் முதல் ஆளாய் வந்து, "உன்ட மூக்கு வரல்ல, தப்பிச்சிட்டாள்" என்று சொல்லியிருப்பாய்.

நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். கட்டில் அவர்களுடையது, கூரை அவர்களுடையது. மருமகனின் குரல் குசினிவரை கேட்கக்கூடாது. எனக்கு அப்படிக் கதைக்க வராது. பிறந்து நாற்பது நாள் முடியும்வரை தாயும் பிள்ளையும் ஒரே அறையில். காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலை அடைத்து, அதன்மேல் திரையும் போட்டிருக்கிறார்கள். ஏசி பொருத்துவது என் வேலை. காற்று வந்து போகாத அறையில் ஒரு துளி தைலம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த அறைக்குள்தான் வருகிறவர்கள் எல்லாரும் பையிலிருந்து ஒரு போத்தலை எடுக்கிறார்கள்.

நிந்தவூரில் உன் மகன் பிறந்தபோது கூட்டாளியாய் நானும் அங்கே நின்றேன். பிள்ளைக்கு மூக்கடைப்பு. பார்க்க வந்த உன் உம்மா, தன் முழங்காலுக்குப் பூசுகிற தைலத்தில் ஒரு துளியை விரலில் எடுத்து மூக்கின் கீழே தடவினார். அன்பில்தான் செய்தார், அதை நான் மறுக்கவில்லை. பிள்ளை ஒருமுறை இழுத்தது. அடுத்த மூச்சு வரவில்லை. உதடு நீலமானதை நானும் பார்த்தேன். ஓட்டோவில் நீ அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாய். மூச்சு விட்டு விட்டு வந்தது.

"என்ன மருந்து குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்டும் குடுக்கல்ல டாக்டர்" என்றார் உன் உம்மா.

அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் தைலம் மருந்துக் கணக்கில் வராது. அது சும்மா பூசுவது. நீதான் குறுக்கே விழுந்தாய். "தைலம் பூசின, டாக்டர். மூக்கடியில."

பிள்ளை தப்பினான், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு வந்ததும் வாசலில் ஒரு வெற்று பிஸ்கட் டின்னை வைத்தாய். போத்தல் எல்லாம் அதற்குள், போகும்போது எடுத்துக்கொள்ளலாம். டோஹாவிலிருந்து வந்த உன் சாச்சா சிரித்தார்.

"கட்டுநாயக்கா எயார்போட்லயே விட்டுட்டானுகள். நீ என்னடா கஸ்டம்ஸ்?"

"அங்க பச்சப்புள்ள இல்ல சாச்சா. இஞ்ச படுத்திரிக்கி."

அன்றிலிருந்து ஊருக்கு நீ கஸ்டம்ஸ்தான். உன் உம்மாவின் போத்தலையும் எல்லார் முன்னாலும் வாங்கி உள்ளே போட்டாய். அவர் மாதக்கணக்கில் உன்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தார், ஆனால் உன் வீட்டுக்கு வரவில்லை. வீதி விபத்தில் நீ போன அன்று, மையித்து வீட்டிலேயே ஒருவர் சொன்னார்: "நல்ல பொடியன்தான். உம்மாட மனச நோகடிச்சிட்டான்." பதில் சொல்ல எழும்பினேன். கூடப்பிறந்த என் மூத்த காக்கா கையைப் பிடித்து இருத்திவிட்டார். இப்போது சொல்கிறேன். நீ செய்தது சரி. உன் சார்பில் நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

போன கிழமை எனக்கும் மாமிக்கும் முட்டிக்கொண்டது. அவருடைய தங்கச்சி ஒரு சின்ன மெஷின் கொண்டுவந்திருந்தார். தண்ணீரில் லவெண்டர் எண்ணெய் விட்டால் புகை மாதிரி வரும். பிள்ளையின் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றினேன்.

"மருமகன், அது பூவுல எடுத்த எண்ணெ."

"அலரியும் பூதானே மாமி, நஞ்சு."

"நாங்க வளக்காத புள்ளையா? ஒங்கட பொஞ்சாதியும் இந்தத் தைலத்துலதான் வளந்தாள்."

"தைலத்தால இல்ல மாமி, ஒங்களால வளந்தாள்."

குசினியில் சட்டி சத்தமாக விழுந்தது. "ஆறுதலாச் சொன்னா வாய் நோகுமா?" என்று மனைவி கேட்டாள். நோகாது. ஆனால் ஆறுதலாகச் சொன்னதை இந்த ஊர் கேட்டு நான் பார்த்ததில்லை. பார்மசியில் வேலை செய்த நீ, கவுண்டரில் நின்று எல்லாருக்கும் சொல்வதை அப்படியே சொன்னேன்: "மூணு மாசம் முடியுமட்டும் ஒரு வாசன எண்ணெயும் வேணாம். தோல்ல, தலையணையில, காத்துல, எங்கயும். பொறகும் டாக்டர்ட்டக் கேட்டுத்தான். மூக்கடைச்சா பார்மசியில விக்கிற உப்புத்தண்ணிச் சொட்டு. மூச்சு வேகமா இழுத்தா, பால் குடிக்காட்டி, நேரா ஆஸ்பத்திரி." மறுநாள் என் வாசலுக்கும் டின் வந்தது.

நேற்றுப் பின்னேரம் உன் உம்மா வந்தார். அவரிடம் டின்னை எப்படிக் காட்டுவான் பார்ப்போம் என்பதுபோல மாமி வந்து நின்றார். ஆனாலும் டின்னைக் காட்டினேன்.

"என்ட்ட ஒண்டுமில்ல மனே" என்று கைப்பையைத் திறந்து காட்டினார். பிறகு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "குளிச்சி, உடுப்பும் மாத்திட்டுத்தான் வந்தன். மணந்து பாரு."

தைலம் பூசாமல் நாலடி நடக்க முடியாதவர். நேற்றுச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் படி ஏறியிருந்தார். குனிந்து மணந்தேன். சவர்க்காரம் மட்டும்தான்.

மகளை மடியில் வாங்கி உச்சியை மோந்தார். "பால் மணக்குது" என்றார். பிள்ளையைத் திருப்பித் தர அவருக்கு நெடுநேரமாயிற்று.

இன்றைக்குக் காலையில் டின்னைத் திறந்தேன் என்றேனே, எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது மாமியின் பச்சைப் போத்தல். நான் கேட்கவில்லை. குசினியிலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது: "கஸ்டம்ஸ், வந்து சாப்பிடுங்க."

உன் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள், மச்சான். திருப்பிக் கொடுக்க மாட்டேன்.