ஜாக்கியை மட்டும் நம்பாதே

ஆரணி
18-9-2006

அன்பு மகன் கிரணுக்கு அம்மா உண்ணாமலை எழுதுவது. ஷார்ஜாவில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், என்னை வாயைத் திறக்க விடமாட்டார், அதனால்தான் இந்தக் கடிதம். படித்து முடிக்கும்வரை பதறாதே. யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

போன வாரம் நீ போனில் பேசியதை உன் தம்பி தமிழ்வாணன் சொன்னான். ரம்ஜான் லீவில் உன் காரை நீயே தூக்கி, சஸ்பென்ஷனைத் திருகி, உயரத்தை இறக்கப் போகிறாயாமே. துணைக்கு யாரும் வேண்டாம், காரோடு வந்த ஜாக்கியே போதும் என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ நம் காருக்கும் ஒரு செட் அனுப்பினாயே, ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள வளையத்தைத் திருகினால் உயரம் ஏறி இறங்குமே, அதை வைத்து இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மீறுகிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

செட்டை மெக்கானிக் தணிகாசலம்தான் மாட்டினார், நன்றாகவே மாட்டினார். முள்ளிப்பட்டு நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுத்துவிட்டு நெய்த சேலைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டியின் அடி வேகத்தடையில் இடிப்பது நின்றுபோனது. ஆனால் முன்பக்கம் வலது ஓரம் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கிறது என்று உன் அப்பாவுக்கு ஒரே அரிப்பு. சேலைக் கரையில் ஒரு இழை கோணினாலே தூங்காத மனுஷன், இதை விடுவாரா. தணிகாசலம் கல்யாணத்துக்கு வந்தவாசி போயிருந்தார், அவர் வரட்டும் என்று சொன்னேன். “ஒரு வளையத்த திருப்பறதுக்கு அவர வேற பேஜார் பண்ணணுமா” என்று வாசலில் இறங்கிவிட்டார்.

தறியில் பழகிய கை, அதுதான் வினையாகிப்போனது. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் விறைப்பைச் சரிசெய்யும்போது நாம் அதை முழுக்கத் தளர்த்தமாட்டோம், தளர்த்தினால் இழை சிக்கிக்கொள்ளும், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் தெரியாது, இழுவையில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்ப்போம். காரையும் அவர் அப்படியே நினைத்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்குகிற இரும்புக் கைக்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்து, வண்டியின் பாரம் ஸ்பிரிங்கின் மேலேயே இருக்கும்படி வைத்துக்கொண்டார். வண்டியைத் தாங்க ஸ்டாண்டு என்று ஒன்றுமே வைக்கவில்லை. பாரத்தில் இறுகியிருந்த வளையம் அசையவில்லை. ஸ்பானரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்திருக்கிறார். முந்தின நாள் மழையில் ஊறிய மண். “அப்பா, ஜாக்கி மண்ணுல எறங்கிகினு இருக்குது, கைய எடுங்க” என்று தமிழ்வாணன் கத்தியது எனக்கு உள்ளே கேட்டது. நான் வெளியே வருவதற்குள் வண்டி இறங்கிவிட்டது. தெருக்காரர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கித்தான் அடியில் சிக்கிய அவர் கையை வெளியே எடுத்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். உன்னிடம் கையில் சின்ன அடி என்று சொன்னோமே, அது இதுதான். அறுந்த இழையைப் பிணைக்க அந்த விரல்கள்தானே வேண்டும். இப்போது தறியில் தமிழ்வாணன் உட்காருகிறான், அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். நீ அனுப்பியதால்தான் என்று மட்டும் நினைத்துவிடாதே, பொருளின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தணிகாசலம் பார்க்க வந்தபோது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி உனக்காக எழுதுகிறேன். மண்ணிலும் சரிவிலும் வண்டியைத் தூக்காதே, கெட்டியான சமதரையில்தான் தூக்க வேண்டும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு, அதை வண்டியோடு வந்த புத்தகத்தில் காட்டிய இடத்திலேயே வை. கையை உள்ளே விடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு முறை ஆட்டிப் பார். சக்கரத்தைத் தாங்கும் அந்த இரும்புக் கை கீழே தொங்கி ஸ்பிரிங் தளர்ந்த பிறகுதான் வளையத்தைத் தொட வேண்டும், அப்போதும் வரவில்லை என்றால் முரட்டுத்தனம் பண்ணாமல் கடையில் காட்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவு வை, செட்டுக்குச் சொன்ன அளவைத் தாண்டி இறக்காதே, வளையம் நகராமல் பிடிக்கும் பூட்டு வளையத்தை இறுக்க மறக்காதே. கீழே இறக்கிக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிவிட்டு மறுபடியும் அளந்து பார், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி டயரோ பிரேக் குழாயோ எங்கேயாவது உரசுகிறதா என்று பார், அப்புறம் வீல் அலைன்மென்ட் பண்ணிக்கொள். தனியாக மட்டும் செய்யாதே.

தமிழ்வாணன் உன் எண்ணத்தைச் சொன்னபோது உன் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் என்னிடம், “அவன்கிட்ட ஸ்டாண்டு இருக்குதான்னு கேட்டியா” என்கிறார். உன்னிடம் அவரால் கேட்க முடியவில்லை, கேட்டால் தன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று அவருக்குப் பயம். அடுத்த முறை போன் செய்யும்போது கையைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே. அப்பா, ஸ்டாண்டு வாங்கிவிட்டேன், கூட ஒரு ஆளையும் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல். அவர் சரி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்காவது ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

கடிதம் கிடைத்ததைத் தமிழ்வாணன் செல்லில் அவனிடம் மட்டும் சொல். வெயிலில் அலையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. அண்ணாமலையார் உன்னோடு இருப்பார். பத்து விரலோடு வீடு வந்து சேர், எனக்கு அது போதும்.

உன் அம்மா,
ச. உண்ணாமலை