வயிற்றில் கட்டிய தலையணை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கு? "பரவாயில்ல"ன்னு எழுதாதே. மாடிப்படி ஏற முடியுதா இல்லையான்னு எழுது. கேக்கிறது மகள் மட்டுமில்ல, டாக்டரும்தான். நான் நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன்.

இங்க ஒரு கூத்து நடந்துச்சு. கர்ப்பிணிகளை எப்படி விசாரிக்கணும்னு எங்களை மாதிரி டாக்டர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு. அதுல ஒருத்தர் கர்ப்பிணியா நடிக்கணும். இந்த வாரம் என் முறை. வயித்துல தலையணையைக் கட்டிக்கிட்டு, இடுப்பைப் பிடிச்சபடி எட்டு மாசக்காரியா நடந்து வந்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கால் வீங்குதா, தலை வலிக்குதா, குழந்தை அசையுதான்னு கேட்டாங்க. டாண் டாண்ணு பதில் சொன்னேன். அப்புறம், "வீட்ல உங்களைப் பாத்துக்க யாரு இருக்காங்க?"ன்னு ஒரு கேள்வி. "அம்மா கூடவே இருக்காங்க"ன்னு சொல்லணும், நடிக்கிறதுக்குக் கொடுத்த தாள்ல அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு வாயில வார்த்தையே வரல.

பயிற்சி கொடுக்கிற மேடம் கைதட்டிட்டாங்க. "பாத்தீங்களா, நிஜத்துல வர்றவங்களும் இப்படித்தான் பேசாம இருப்பாங்க. நீங்க அவசரப்படாம காத்திருக்கணும்"னாங்க. நடிப்புக்குப் பத்துக்குப் பத்து! நானும் சிரிச்சு வச்சேன்.

முட்டிக்கு நீ தேய்க்கிற தைலம் ஒரு டப்பா அனுப்பு. எனக்கு வலியெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான்.

வார்டுல கூப்பிடுறாங்க. சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன்னு ஃபோனை அணைச்சு வைக்காதேம்மா. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட, பக்கத்துல இருக்கிற ஒருத்தரோட நம்பர் வேணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க. உன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்.

உன் மகள்