வில்கோஷ்கள் வாழும் ஊர்கள்

அன்பு மகளே,

திருமணத்துக்குப் பிறகு நம் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுதும் முன் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தேன்.

வில்கோஷ் என்ற நம் பெயர் போலிஷ் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். என்னைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்து வீரர்களைத் தங்கவைத்த முகாம்களின் பக்கத்து ஊர்களில்தான் இன்றும் பிரிட்டனில் நம் பெயர்க்காரர்கள் இருப்பதாகத் தெரிகிறது. என் கணிப்பு பிசகாகவும் இருக்கலாம். பிராட்ஃபோர்டில் நாம். ஸ்காட்லாந்தில் முடிதிருத்தும் கடை நடத்தும் ஒரு பெண்மணி. தயங்கித் தயங்கி அவருக்குத் தொலைபேசினேன்.

“நான் போலந்துக்காரியே இல்லீங்க. அது என் பழைய புருஷன் பேரு. ஆளை விட்டுட்டேன், பேரை விட மனசு வரல” என்றார்.

ஓநாய் விஷயத்தைச் சொன்னேன்.

“ஓநாயா? பூனை சீறினாலே ஓடுவாரே அந்த மனுஷன்!”

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் துணிச்சல் வந்து, உன் கேள்வியையும் சொன்னேன்.

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா.”

“நல்லா இருக்கே! பெத்த மககிட்ட சொல்லாம, முன்னப்பின்ன தெரியாத என்கிட்ட பேசிட்டு இருக்கீங்க!”

சரி, சொல்லிவிடுகிறேன். நீ மாற்றினால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதற்காக மாற்றாமல் இருந்துவிடாதே. கேட்டாயே என்றுதான் சொன்னேன்.

அன்புடன்,
உன் அப்பா